அரைக் கிலோ

சாட்ஸ்வொர்த் கிளினிக்கில் இரண்டு தராசுகள்.
ஒன்றில் என் மகளைத் துணியில்லாமல் கிடத்துகிறார்கள்,
மற்றதில் செருப்பைக் கழற்றிவிட்டு நான் ஏறுகிறேன்.
அவளுடைய முள் ஏற வேண்டும்,
என்னுடையது இறங்க வேண்டும்.
நான் கேட்ட வரம் அவ்வளவுதான்.

அக்டோபரில் நாத்தனார் யோகஷ்னிக்குக் கல்யாணம்.
எனக்கு நீலப் பட்டு. ரவிக்கை போன வருஷத்து அளவு.
இந்தப் பக்கத்துக் கொக்கிக்கும் அந்தப் பக்கத்து வளையத்துக்கும்
பேச்சுவார்த்தையே இல்லை.

ஜூலையில், பங்களாதேஷ் மார்க்கெட்டில்,
கத்தரிக்காய் நிறுத்தவள் என் வயிற்றைப் பார்த்து
"எப்போ தேதி?" என்றாள்.
பிள்ளை காரில், அப்பா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.
"டிசம்பர்" என்றேன்.
இரண்டு காய் கூடுதலாகப் போட்டாள்.

அன்று மாலையே வாங்கினேன் அந்தத் தேயிலைப் பெட்டியை.
அட்டையில் இடை சிறுத்த ஒருத்தி சிரித்தாள்.
காலையில் அது. மதியம் அரை ஆப்பிள். இரவு அது.
ஒன்பது நாளில் மூன்று கிலோ.
பத்தாம் நாள் ஃபிளாட் படியில் கண் இருட்டிக்
கைப்பிடியைப் பற்றினேன்.
மற்றக் கையில் தியாரா.

பதினான்கு படி அது. இன்றும் எண்ணித்தான் இறங்குகிறேன்.

அவளோ இழுப்பாள், விடுவாள், அண்ணாந்து பார்ப்பாள்,
பெயர்ப்பலகை எரிகிற கடையில்
சரக்கு இல்லை என்றால் பார்ப்போமே, அப்படி.
அட்டையில் மலையேறிக்கொண்டிருந்த அவள் கோடு
பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது.

சிஸ்டர் நொலுதாண்டோ என்னைவிட நாலு வயது இளையவள்.
பேனாவை மூடி வைத்தாள்.
"நேற்று என்ன சாப்பிட்டாய்?"
சொன்னேன்.
"என் வீட்டுக் கோழி இதைவிட அதிகம் சாப்பிடும்,
அது யாருக்கும் பால் கொடுப்பதில்லை."
பெட்டியைக் காட்டினேன்.
குப்பைக்கூடையைக் காலால் மிதித்துத் திறந்தாள்.
சிரித்தபடியே உள்ளே போனாள் அந்த இடை சிறுத்தவள்.

"வாரத்துக்கு அரைக் கிலோ போதும்.
அதற்கு மேல் இறங்கினால் கொண்டாடாதே,
என்னிடம் வந்து சொல்."

அப்புறம் சாப்பிட்டேன்.
டின் மீன் குழம்பு, சுகர் பீன்ஸ், கீரை, தயிர்,
தட்டில் சோறும் உண்டு, கொஞ்சம் குறைத்து.
அவள் வாய் வைத்ததும் என் தொண்டை வறளும்,
ஒரே குழாயின் இரண்டு முனை மாதிரி.
நாற்காலிப் பக்கத்தில் ஒரு கூஜா தண்ணீர்
நிரந்தரமாகக் குடியேறியது.

மாலை ஐந்து மணிக்குப் பாலைக் கொடுத்துவிட்டு,
மார்புக் கனம் இறங்கிய கையோடு,
கீச்சிடும் ஒரு சக்கரத்தோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு
பேவியூ மேட்டில் ஏறுவோம்.
முதல் வாரம் பாதி மேடு.
நாய்களுக்கு எங்களைத் தெரியாத வாரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் இருநூறு கிராம் ஏறியிருந்தாள்,
நான் நானூறு இறங்கியிருந்தேன்.
அடுத்த வாரம் என் முள் அசையவே இல்லை.
அதற்கடுத்த வாரம் நான் தராசில் ஏறவில்லை,
மறந்துபோனது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு
தையல்காரர் ரவிக்கையைப் புரட்டிக் காட்டினார்.
உள்தையலில் இரண்டு பக்கமும்
ஒன்றரை அங்குலம் மடித்து விட்டிருந்தார்.
போன வருஷமே.
என்னைவிட என்னை நம்பியிருக்கிறார்.

தாலி கட்டிய நேரத்தில் நான் மண்டபத்தில் இல்லை.
சமையலறைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி,
பட்டில் பால்கறை,
கொக்கிகள் எல்லாம் திறந்து கிடந்தன.
மேளம் மட்டும் கேட்டது.

டிசம்பரில் மார்க்கெட்டுக்குப் போனோம்,
இடுப்பில் தியாரா.
கத்தரிக்காய்க்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"பிறந்துவிட்டதா!"
என் மகள் வாயைத் திறந்து சிரித்தாள்.
கீழே இரண்டு பல்.
"அட, பல்லோடா!"
நான் வாயே திறக்கவில்லை.
அவள் எக்கிக் குனிந்து,
காய் கிடந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள்.
முள் எங்கேயோ போய் நின்றது.